அப்பாவுக்குச் சந்தாதாரர்

சந்தாதாரர் என்றொரு இனம் உண்டு. பத்திரிகைக்கு அல்ல, சேதிக்கு. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிச் சென்னைக்குக் கணினி வேலைக்குப் போன பிள்ளைகளில் வீட்டுக்கு ஒருவர் தேறுவார். கல்யாணப் பந்தியில் சோற்றில் சாம்பாருக்குக் குழி பறிக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். நானும் அந்த இனம்.

தொழில் இது: பத்து ஊர்களில் கிடக்கும் ஆயிரம் கணினிகள், சூடாகிறது, இடம் நிரம்பிவிட்டது, யாரோ கள்ளத்தனமாய் நுழையப் பார்க்கிறார் என்று தம் பாட்டுக்குப் பொதுவில் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தச் சேதி வேண்டுமோ அதற்கு நாம் சந்தாதாரராகப் பதிந்துகொள்ளலாம். யார் கேட்கிறார்கள் என்று சொல்கிற கணினிக்குத் தெரியாது; கேட்கிறவர் அதோடு பேசவேண்டியதும் இல்லை. பேசாமலே எல்லாம் தெரிந்துவிடும். இப்படியொரு வசதியை அப்பாவுக்குச் செய்யாமல் சந்தாதாரர் விடுவாரா?

விடவில்லை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அப்பா, பால்சாமி, தினமும் காலை ஆறு மணிக்குத் தொட்டிக்கு மோட்டார் போடுவார். அந்த மோட்டாரில் சிறு கருவி மாட்டினேன். ஓடினால் என் போனில் 'அப்பா நலம்' என்று வரும், பக்கத்தில் பச்சைப் புள்ளி. அப்புறம் நான் போன் செய்வது குறைந்தது. எதற்குச் செய்வது? பச்சைதானே. அப்பா எப்படி இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் புள்ளியைக் காட்டினேன். பெருமையாகக் காட்டினேன்.

அலுவலகத்தில் இதே சந்தாதாரர் எந்தக் கணினியையும் நம்பமாட்டார். 'நலம்' என்று சொன்னது அதுதானா, அதன் பெயரில் வேறு யாராவதா என்று ஒவ்வொரு சேதிக்கும் முத்திரை பார்ப்பார். போலியைப் பிடித்ததற்குப் போன வருஷம் கேடயம்கூட வாங்கினார்.

சித்திரையில் அப்பா ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். ஒன்பது நாளும் பச்சை. பத்தாம் நாளும் பச்சை. பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டு மாரிக்கனி அக்காவின் போன் வந்தது. அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகுதான் கேட்டேன், மோட்டாரை யார் போட்டது என்று.

"நாந்தாம் தம்பி. 'மோட்டாரு ஓடலேன்னா பய லீவு போட்டுட்டு ஓடியாந்துருவான், நீ போட்டுவிடு தாயி'ன்னாக. ஆசுபத்திரிக்குக் கூப்புட்டாலும் வரல. நாளைக்கு விட்டுரும், நாளைக்கு விட்டுரும்னே சொன்னாக. அன்னைக்கும் மோட்டாரப் போட்டுட்டுத்தான் உள்ள போய்ப் பாத்தேன்." அப்புறம், "நீ ஒரு வார்த்த போன்ல பேசியிருந்தீன்னா அவுக கொரலே காட்டிக் குடுத்துருக்கும்ல" என்றார்.

கருவியைக் கழற்றிச் சோதித்தேன். பிழை இல்லை. மோட்டார் ஓடியது, ஓடியது என்றுதான் அது சொன்னது. 'அப்பா நலம்' என்று எழுதிவைத்தவன் நான்.

உங்கள் வீட்டில் இப்படிக் கருவி எதுவும் இல்லை, சரி. ஊரிலிருந்து காலையில் ஒரு ரோஜாப்பூப் படம், 'இனிய காலை வணக்கம்' என்று, தவறாமல் வருகிறதல்லவா? நீங்களும் தவறாமல் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். அங்கே அந்த ரோஜாப்பூவை அனுப்புவது யார்?