ஈரச் சாக்கும் கிராபிக்ஸ் கார்டும்

கூச்சப்படுகிறவனுக்குக் கோபம் வராது என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. வரும். மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே கிடந்து வேகும், அவ்வளவுதான். அப்படி வெந்ததெல்லாம் என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வெளியே கொட்டியது. ஆளில்லாத அறையாகப் பார்த்துத்தான் கொட்டினேன். அதிலும் வில்லங்கம் வந்து சேர்ந்தது.

என் தம்பி சேகர் பாலிடெக்னிக் படித்தவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, குத்தாலம் பக்கத்தில் எங்கள் வயலைப் பார்த்துக்கொள்கிறவன். கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது திருவாரூர் கடை ஒன்றில் சொல்லி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கார் ஓட்டும் விளையாட்டு நன்றாகத் தெரிய வேண்டுமாம். அதற்காக உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒரு பலகை. அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு குட்டி ஃபேன். (நாங்கள் எல்லாரும் கூடத்தில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுக்கிறவர்கள்.) லீவு முடிந்ததும் அவன் பறந்துவிட்டான். கம்ப்யூட்டர் நெல் மூட்டை அடுக்கிய அறையில், மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்துகொண்டது.

அவன் மனைவி கலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. லீவு கேட்டான். கம்பெனி தரவில்லை. கப்பல் வந்து நிற்கிறதாம், அது போனதும் பார்க்கலாமாம். கப்பலென்ன, போனால் இன்னொன்று வரும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடைசியில், பெயர் வைக்கிற அன்று கம்ப்யூட்டரில் பிள்ளையின் முகத்தை முதல்முதலாகப் பார்த்து, பெயரைத் தானே சொல்வது என்று சேகர் முடிவு செய்தான். அதுவரை பெயரைக் கலாவிடம்கூடச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிந்ததோ, அந்த வாரம் பார்த்துப் படுத்துக்கொண்டது. முதலில் திரையில் பச்சைக் கோடுகள். அப்புறம் நாற்றங்கால் மாதிரி பாத்தி பாத்தியாகக் கட்டங்கள். அப்புறம் கறுப்பு. பெட்டியைக் கழற்றி, சாக்கில் கட்டி, மொபெட்டின் பின்னால் வைத்துத் திருவாரூருக்கு ஓட்டினேன். கடைக்காரர் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து உமித் தூசி பொலபொலவென்று அவர் மேஜையில் கொட்டியது.

"இது கம்ப்யூட்டரா, நெல்லுக் குதிரா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கார்டைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பல்வரிசையைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினார். படம் வந்தது. ஆனால் கார்டின் ஃபேன் செத்துவிட்டது, அதனால் சூடாகிறது, புதுக் கார்டு சென்னையிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றார். பெயர் வைப்பதோ மறுநாள். வேறு வழி உண்டா என்று கேட்க வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. "சூடாகாம பாத்துக்குங்க, ஓடும்" என்று அவராகவே சொன்னார். வேறு வழி ஒன்று இருந்தது. அந்த மனிதர் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் கலாவின் அப்பா சீர்காழியிலிருந்து உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார். சீர்காழி மாமா நல்லவர்தான். அவர் வாயை மட்டும் சீர்காழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மூட்டைகளுக்கு நடுவே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். இணைப்பு கிடைத்தது, சேகரின் முகம் வந்தது, கலா குழந்தையை எடுத்துவர உள்ளே ஓடினாள். அந்த நேரம் பார்த்து அவன் நெற்றியில் முதல் பச்சைக் கோடு விழுந்தது.

"மாப்பிள்ளை அங்க போயி பட்டை போட ஆரம்பிச்சிட்டாரா?" என்றார் மாமா.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் மோட்டார் வைத்தியம். நடவு நாளில் ஊர் மோட்டார் அத்தனையும் ஓடும், மின்சாரம் இளைத்துப்போகும், அப்போது வீட்டில் மற்றதையெல்லாம் நிறுத்தினால்தான் நம் மோட்டார் இழுக்கும். ஆகவே விருந்தாளிகளுக்காக இரவல் வாங்கி வைத்திருந்த ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிஜ்ஜை நிறுத்தினேன். கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். என் செல்போன் சார்ஜில் இருந்தது, அதையும் பிடுங்கி எறிந்தேன். உறவுக்காரர்கள் விசிறி மட்டையைத் தேடினார்கள். பச்சைக் கோடுகள் பாத்திகளாயின.

அடுத்தது சூடு. சூடான மோட்டாருக்கு நாங்கள் ஈரச் சாக்கு போடுவோம். எத்தனையோ கோடை அப்படி ஓட்டியிருக்கிறோம். கொல்லையில் போய்ச் சாக்கை நனைத்து, பிழிந்து (நன்றாகத்தான் பிழிந்தேன், சத்தியமாக), காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்தே வைத்திருந்த கம்ப்யூட்டரின் மேல் போர்த்தினேன். என் மனைவி மல்லிகா, "என்னங்க, இது போர்செட்டு இல்லீங்க" என்றாள். எனக்குத் தெரியாதா என்று முறைத்தேன். முறைத்து முடிப்பதற்குள் ஒரு சொட்டு உள்ளே இறங்கியது. சட்டென்று ஒரு சத்தம். கருகல் வாசனை. திரை இருண்டது.

சீர்காழி மாமா எழுந்து வேட்டியை உதறினார். "சரி, கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டியாச்சு. இலையைப் போடுங்க, சாப்பிடலாம்."

எல்லாரும் கூடத்துக்குப் போனார்கள். கலா அழவில்லை, அழுதிருந்தால் தேவலாம். தூங்குகிற குழந்தையை என் மடியில் வைத்து, "பாத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பரிமாறப் போனாள்.

அறையில் நானும் குழந்தையும் அந்தப் பெட்டியும். பெட்டிக்குள் இன்னும் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. திரைக்கு மேலிருந்த கேமராவில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. செத்தும் அடங்காத அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்குள் மடை உடைந்தது.

முதலில் திருவாரூர் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு சீர்காழி மாமாவை. அவர் வாயை வைத்து ஒரு போகம் உழலாம் என்று சொன்னதாக நினைவு. பிறகு அந்தக் கம்பெனியை. கம்பெனி முதலாளிக்குப் பிள்ளை இருக்கிறதா, இருந்தால் அதையும் கப்பல் போன பிறகுதான் போய்ப் பார்ப்பாரா என்று கேட்டேன். நியாயமான கேள்வி, இன்றுவரை பதில் இல்லை. கடைசியில் குழந்தையைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பன் போறேன்னு சொன்னப்ப நான் போகாதடான்னு சொல்லலடா. வாய் வரல. அஞ்சாவது படிச்சவன் பாலிடெக்னிக் படிச்சவனுக்கு என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்ப உன் பேரு அவன் வாயிலயே கெடக்கு, நீ இங்க கெடக்குற. அவன் இல்லாம எனக்கு வரப்புல நடக்கக்கூடப் புடிக்கல. போதும், வந்துடச் சொல்லுடா அவன."

இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வராத வாய்க்காலுக்காக அதிகாரியிடம் கத்த வேண்டிய கத்தலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். குழந்தை விழித்து வீரிட்டது. நானும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது சீர்காழி மாமா வாசலில் வந்து நின்றார். வலது கையில் ரசம் சாதம், இடது கையில் அவருடைய செல்போன். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. "தம்பி... மாப்பிள்ளை லைன்ல இருக்காரு. உங்க போன் அணைஞ்சு கெடக்காம்."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"அண்ணே, பேசி முடிச்சிட்டீங்களா?" என்றான் சேகர். அவன் குரல் உடைந்திருந்தது. "உங்க பக்கம்தான் படம் போயிருக்கு. எனக்கு எல்லாம் தெரியுது, எல்லாம் கேக்குது. அப்பலேருந்து கத்திக்கிட்டுக் கெடக்கேன், ஸ்பீக்கரைப் புடுங்கிட்டீங்க."

அந்தக் கேமராவுக்குள் காதும் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கார்டு செத்தால் நம் கண்தான் போகும், அவன் கண் போகாது என்று யார் சொன்னார்கள்? அவனோடு தங்கியிருந்தவர்கள் எல்லாரும் அவன் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்கள். மன்னார்குடிக்காரர் ஒருவர் அழுதேவிட்டாராம். எனக்கு நெல் மூட்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"புள்ளைய கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்கண்ணே," என்றான் சேகர். திருப்பினேன். கால் விரல்களையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னான், காட்டினேன்.

பிறகு அவன் சொன்னது: கம்ப்யூட்டரை அணைத்து, அந்தக் கார்டைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிட்டு, திரையின் வயரைப் பெட்டியின் பின்னாலேயே மேலே இருக்கும் இன்னொரு பொருத்தில் செருகினால் போதும். நன்றாகத் துடைத்துவிட்டு அப்படியே செய்தேன், ஸ்பீக்கர் வயரையும் திரும்பச் செருகினேன். படம் வந்தது! கார்டே தேவையில்லை, அது கார் விளையாட்டுக்கு மட்டும்தான். கலா குழந்தையோடு முன்னால் உட்கார்ந்தாள், சேகர் பெயரைச் சொன்னான், முகிலன் என்று. சீர்காழி மாமா எனக்குத் தானே தன் கையால் இலை போட்டார். அன்று முழுக்க அவர் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. மறுநாள் பேசினார்.

அந்த வாரமே திருவாரூர் போனேன். இன்னொரு பொருத்து இருப்பதை மறைத்துப் புதுக் கார்டு விற்கப் பார்த்த அந்தக் கடைக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "வாங்க, என்ன வேணும்?" என்றார். ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய மவுஸ் நன்றாகத்தான் இருந்தது.

முகிலனுக்கு இப்போது மீசை முளைக்கிறது. அவனுக்கு நான் இன்றும் சாக்குப் பெரியப்பாதான். சேகர் அதற்கப்புறம் வந்தான், போனான், வந்தான், போனான். இப்போதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை செல்போனில் முகம் பார்த்துப் பேசுவான். நான் 'ம்' என்பேன், 'சரிப்பா' என்பேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பான்.

"அண்ணே, என் முகம் நல்லா தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"அப்ப நீங்க பேச மாட்டீங்க" என்று கட்டைவிரலால் அவன் பக்கத்துக் கேமராவை மூடுவான். என் திரை இருண்டுபோகும். வீட்டில் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளிப் போவார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதடா வரப் போகிறாய் என்று கத்த ஆரம்பிப்பேன்.