இரண்டு தூதர்களை நான் பேசவைத்த காலை

1. நிர்மலா தேநீர் குடிக்கப் போனாள்.
2. அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.
3. இரண்டு வெளிநாட்டுத் தூதர்களை ஒருவரோடொருவர் பேசவைத்தேன்.
4. அவர்கள் பேச வேண்டியது ஒருவரோடொருவர் அல்ல.

மாத்தளைத் தொலைபேசி நிலையத்தின் பயிற்சிப் பரீட்சையில் நான்தான் முதலிடம். வயர் அறுந்தால் நானே பற்றவைப்பேன். என்னைவிட எட்டு மாதம் பின்னால் சேர்ந்த நிர்மலாவுக்குத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. ஆனால் அவள் "ஹலோ" என்றால் மறுமுனையில் இருப்பவர் தலைவாரிக்கொள்வார். (நான் சொன்னால், "ஏன் கத்துறீங்க?" என்பார்.)

எங்கோ நடந்த போரை நிறுத்தச் சொல்லி உலக நாடுகளின் சபையில் வாக்கெடுப்பு வந்த வாரம் அது. நம் சின்னத் தீவுக்கும் ஒரு வாக்கு. அதை எந்தப் பக்கம் போடுவதென்று சொல்ல வேண்டிய பெரியவர், தொல்லை தாங்காமல் எங்கள் பக்கத்து ஊரான நாலந்தாவின் வாடிவீட்டில், அரசாங்க விடுதியில், வந்து தங்கிவிட்டார். தொல்லை ட்ரங்க் கோல் என்ற வெளியூர் அழைப்பாகப் பின்தொடர்ந்தது. கொழும்பிலிருந்து ஒரு தூதர் போர் நிற்க வேண்டும் என்று கெஞ்சுவார். இன்னொருவர் இப்போதைக்கு வேண்டாம் என்று கெஞ்சுவார். இருவரும் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

"கொழும்புல வெளிநாட்டு கோல் பாக்க ஒரு ஆள் கேட்டிருக்காங்க. இந்த வாரம் யார் நல்லாச் செய்றாங்களோ, அவங்க பேரத்தான் எழுதுவேன்" என்றார் மேற்பார்வையாளர். சொன்ன கையோடு நாலந்தா லைனை நிர்மலாவிடம் கொடுத்தார். எனக்கு நாவுல ஊர் லைன். அதில் கத்தரிக்காய் லொறி எப்போது வரும் என்பதைத் தவிர உலக விவகாரம் எதுவும் வராது.

"பத்து நிமிஷம் பாத்துக்கங்க அக்கா. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா ஒருத்தர நிப்பாட்டி வைங்க, சரியா?"

"எனக்கே சொல்லித் தர்றியா? போ, தேத்தண்ணி ஆறிடும்."

ஒன்றாகவே வந்தார்கள். இரண்டாமவரை நிப்பாட்டி வைத்தேன். முதலாமவரின் வயரை நாலந்தாவில் செருகினேன். என் கண் மட்டும் கதவில் இருந்தது, நிர்மலா வந்து என் திறமையைப் பார்க்கட்டுமென்று. வயர் இரண்டாமவரின் துளைக்குள் போயிருந்தது.

பேச்சு சேர்ந்ததா என்று சற்றுக் காதுகொடுப்பது விதி. ஆங்கிலம் தேனாக ஓடியது.

"அங்கே குளிரா, ஐயா?"

"நல்ல வெயில். அங்கே?"

"இங்கேயும் வெயில்தான். உங்கள் நாட்டுக்கு ஒரு கப்பல் அரிசி தர விரும்புகிறோம்."

"என்ன பெருந்தன்மை! நாங்கள் உங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டித்தர இருந்தோமே!"

நம் நாடு அடுத்தவருக்கு ஆஸ்பத்திரி கட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டதே என்று எனக்குப் புல்லரித்தது. அப்போது பலகையில் நாலந்தா விளக்கு எரிந்தது. வாடிவீட்டுக் காவல்காரர்.

"மிஸ், தொரை கேக்குறாரு, கோல் வருமா, இல்ல குளிக்கப் போகவான்னு."

மறு காதில், "அப்படியானால் உங்கள் வாக்கு?" "என் வாக்கா? உங்கள் வாக்கு!" பிறகு இரண்டு குரலும் சேர்ந்து, "யார் பேசுவது?" அதற்குப் பின் பேசியதை எழுத முடியாது. ராஜதந்திரிகளுக்கு அவ்வளவு சொல்வளம் இருக்கும் என்று யார் கண்டார்கள்!

எந்த வயரைப் பிடுங்குவதென்று நான் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த நிர்மலா என் தோளுக்கு மேலால் குனிந்து வயரைப் பிடுங்கினாள். அந்தப் பாழாய்ப்போன குரலில் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஒருவரை நிறுத்தி, மற்றவரை நாலந்தாவுக்குக் கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "யார் செஞ்ச வேல இது?"

"லைன் கோளாறு, ஐயா" என்றாள் நிர்மலா.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் குரலும் அவளுக்கு, நாலந்தாவும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா?

"லைன் நல்லாத்தான் இருக்கு! நான்தான் செஞ்சேன்!" என்று கத்தினேன்.

இன்றும் வீட்டில் அம்மாவும் அண்ணியும் முறைத்துக்கொண்டால், "தங்கச்சியக் கூப்பிடுங்க, ரெண்டு பேருக்கும் லைன் போட்டு விடுவா" என்பார் அண்ணன்.

நிர்மலா கொழும்பில் இருக்கிறாள். நான் மாத்தளையில் இருக்கிறேன். மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். அதை நான் மறுநாள்தான் பிரிப்பேன்.