ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சிரிக்கக் கூடாது

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது முழு உண்மையாகாது. அம்மா நலம், நான் நலம், அப்பா இடுப்பைத் தவிர நலம், கூடத்து விளக்கு நலமில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது, இனி மெதுவாக விளையாடலாம் என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். மிகவும் சந்தோஷம். அப்படியானால் வருஷா வருஷம் நடக்கும் அண்ணன் தம்பி கோல்ஃப் ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கத்தான் போகிறது. அதைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியப்பா அன்றைக்கு அப்பாவைப் பார்த்துச் சிரிக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் உங்களுக்கே தெரியும். போன வருஷம் அப்பா ஓங்கி வீசியதில் பந்து அசையவே இல்லை, புல்லும் மண்ணும் ஒரு கட்டியாகப் பெயர்ந்து பறந்தது. பெரியப்பா அதை ஒரு கல்யாண விருந்தில் கரண்டியைப் பிடித்து நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். அது அவ்வளவு நேரம் துடைக்கிற அளவுக்கு அழுக்கான கண்ணாடி இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே மட்டை வீச்சைத் திருத்தும் பயிற்சிக் கருவிகள், கூடவே விளக்கப் புத்தகம் ஒன்று. எந்தப் புத்தகத்தையும் முன்னுரையிலிருந்து படிப்பது என் வழக்கம் என்பதால் நானே படித்துச் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். முதல் கருவி, இரண்டு முழங்கைகளையும் சேர்த்துக் கட்டும் பட்டை. கட்டி முடித்த அதே நிமிஷம் அழைப்பு மணி அடித்தது, நான் பட்டையின் கொக்கியைத் தேடுவதற்குள் அப்பா தாடையாலேயே தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் தபால்காரர். கட்டிய கைகளைப் பார்த்தார், என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "சார், உள்ள ஏதாவது பிரச்சினையா? வாயத் திறக்க வேணாம், கண்ணை மட்டும் சிமிட்டுங்க" என்றார். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி. அதற்குப் பிறகு பிரச்சினை ஒன்றுமில்லை என்று தபால்காரரை நம்பவைக்க அம்மா தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, நடுவில் கீல் வைத்த மட்டை. வீச்சு சரியாக இருந்தால் நேராக நிற்கும், தப்பானால் மடங்கிவிடும். அது ஒவ்வொரு தடவையும் மடங்கியது, ஐந்தாவது தடவை மடங்கிய பக்கத்தில்தான் கூடத்து விளக்கு இருந்தது. மூன்றாவது, பழைய துணிகளை அடைத்து அடித்துப் பழகும் பை. அப்பா அடைத்ததில் அம்மாவின் கம்பளிச் சட்டையும் போய்விட்டது. அவள் அதை வெளியே இழுத்து உதறி, "என் சட்டை உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள். "மன்னிச்சுக்கோ, ஆனா பை நல்லா மெத்துனு இருந்துச்சு" என்றார் அப்பா. நான்காவது, டிக் டிக்கென்று தாளம் போடும் சின்னப் பெட்டி. அதை யாரும் வெறுக்கவில்லை, ஆனால் இப்போது அம்மா அந்தத் தாளத்தில்தான் காய் நறுக்குகிறாள், அது நின்றால் அவள் கையும் நின்றுவிடுகிறது.

வீட்டுக்குள் இனி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதால் அப்பா எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டுக்கு மாறினார். அவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதால், கை அகலப் போனால் சுவரில் இடித்துத் தானே திருந்தும், இதைவிட நல்ல கருவி உலகத்தில் கிடையாது என்று கண்டுபிடித்தார். கீழ்த்தளத்தில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை மாட்டிவிட்டுக் குட்டை மட்டையோடு அவரும் புத்தகத்தோடு நானும் உள்ளே நின்றோம். ஐந்தாம் மாடியில் பலகை மாட்ட மறந்துவிட்டோம். அங்கிருக்கும் டீச்சர் பொத்தானை அமுக்க, லிஃப்ட் மேலே போய்க் கதவு திறந்தபோது அப்பா மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கியபடி நின்றார்.

"வாங்க டீச்சர், ஏறிக்குங்க. ஒரே ஒரு வீச்சு பாக்கி, முடிச்சுட்டுக் கீழ இறக்கி விடறேன்."

"வேணாம்பா, நான் படியிலயே போறேன். முழங்கால் போனாலும் தலை மிஞ்சும்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் பெரியம்மா. பெரிய தப்பு என்னுடையது. அப்பா இடதுகைக்காரர், புத்தகமோ வலதுகைக்காரர்களுக்கு எழுதியது. அதனால் அவருக்குச் சிரமம் வேண்டாமென்று, 'இடது முழங்கை மடங்கக் கூடாது' என்று இருந்தால் நான் 'வலது முழங்கை' என்று மாற்றிப் படித்தேன், மூன்று வாரமும், ஒரு இடம் விடாமல். நேற்று மைதானத்தில் அப்பா வீசினார், பந்து ஓரமாக உருண்டது, அவர் பின்பக்கமாகச் சாய்ந்து புல்லில் உட்கார்ந்தார். புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதை ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். "சார், நிக்கறது இடதுகைக்காரர் மாதிரி நிக்கறீங்க, வீசறது வலதுகைக்காரர் மாதிரி வீசறீங்க. யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. நான் சின்னப் பெண், இருப்பதை அப்படியே படிக்கிறேன் என்று நினைத்து, அப்பாவும் நான் சொல்லச் சொல்ல மனசுக்குள் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டு, "இதுக்கு ஏன் அழற? நான் தப்பா ஒண்ணும் ஆடலையே. வேற யாரோ ஒருத்தரோட சரியான ஆட்டத்தை ஆடியிருக்கேன், அவ்வளவுதான்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துப் பெரியப்பா சிரிக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். பாக்கி ஐந்தே நாள். இனி நான் இருப்பதை அப்படியே படிப்பது, அப்பா மட்டும் மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கிறோம். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தால் இருமுவதுபோல் செய்யச் சொல்லுங்கள், அல்லது வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா வேளைக்கு மருந்து சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நூறு வயது இருக்க வேண்டும். உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எனக்கு வேண்டும், அரையாண்டுத் தேர்வும் நெருங்குகிறது.

இப்படிக்கு,
பெரியப்பா வைத்த பெயரில் சொன்னால்,
வாத்தியாரம்மா

பின்குறிப்பு: பெரியம்மா, மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள். உறையை ஒட்டும்போது அப்பா வந்து, இவ்வளவு கனமாக யாருக்கு என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது, கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தார். "பெரியப்பா சிரிக்கக் கூடாதுன்னா எழுதியிருக்க? அவர் சிரிக்கணும்னுதானேம்மா நான் இந்தப் பாடு படறேன்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து பெரியப்பா போனில் 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசுவதில்லையாம்.

"அப்ப பயிற்சி எதுக்குப்பா? போன வருஷம் மாதிரியே ஆடினா சிரிச்சிடுவாரே?"

"மாட்டார். எல்லாரும் அவரைப் பஞ்சுல வச்சுத் தாங்கறாங்க, நானும் வேணும்னே சொதப்பறேன்னு கண்டுபிடிச்சிடுவார். நான் நிஜமாவே நல்லா ஆடி, நிஜமாவே தோக்கணும். அப்பதான் அண்ணனுக்குப் பழைய சிரிப்பு வரும்."

"ஒருவேளை நீங்க ஜெயிச்சுட்டா?"

அப்பா இடுப்பைத் தடவிக்கொண்டார். "அந்த ஆபத்து இல்ல" என்றார்.

ஆகவே பெரியப்பா எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சிரிக்கட்டும். அவர் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்பதால், உட்கார்ந்து சிரிக்க ஒரு மடக்கு நாற்காலியை அப்பா இன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்.