சரி என்று சொல்லிவிட்டுப் போனவர்

முத்தையாபுரம்

அன்புள்ள பாண்டி அண்ணனுக்குத் தங்கை முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. கோவில்பட்டியில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தைச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்; கீழே வெள்ளம். செல்போன் டவரும் செத்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது இதைக் கொடுத்தனுப்புவேன்.

கல்யாணத்தன்று நீங்கள் என்னிடம் சொன்னது: "மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு பேசாதம்மா." அன்றைக்கே என் மாமியார் தன் மகனிடம், "ஏலே மாரிராஜ், பொண்டாட்டி சொல்லுததைக் கேட்டு நடலே" என்றிருக்கிறார். இரண்டு பேரும் கேட்டுத்தான் நடக்கிறோம். சொல்லத்தான் ஆளில்லை. கேஸ் தீர்ந்தால் "நீங்க சொல்லுங்க" என்பேன், "நீ சொல்லு" என்பார், கடைசியில் கடைப் பரோட்டா. சண்டையே இல்லாத வீடு என்று தெருவில் பெயர். மனசுக்குள் எனக்கு எவ்வளவு வெறுப்பு என்று தெருவுக்கா தெரியும்?

இன்று காலை தண்ணீர் வாசற்படி ஏறியதும் "என்ன செய்ய?" என்று என்னைக் கேட்டார். "பிரிட்ஜைக் கட்டில்மேல ஏத்துங்க" என்றேன். "சரி." ஏற்றினார். அத்தை, "கட்டிலு ஒடிஞ்சிரும், இறக்குலே!" என்றார். "சரிம்மா." இறக்கினார். நான் ஏற்றச் சொல்ல, அத்தை இறக்கச் சொல்ல, பிரிட்ஜ் ஏறி இறங்கி, தண்ணீர் மட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்க, எனக்கு வந்ததே ஆத்திரம்! "சொந்தமா ஒரு முடிவு எடுக்கத் தெரியலைன்னா வீட்டை விட்டுப் போங்க!" என்று கத்திவிட்டேன்.

"சரி செல்வி" என்றார். போய்விட்டார்.

தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். அவருக்கு நீச்சல் தெரியாது அண்ணே! போங்கன்னா போயிருவாரா ஒரு மனுஷன்? அத்தை கட்டில்மேல் உட்கார்ந்து, "ஏளா, எம்புள்ளைய வெள்ளத்துல அனுப்பிட்டியே!" என்று அழுகிறார். பிரிட்ஜ் மிதக்கிறது. எங்கள் இருவர் கண்ணும் வாசலில்தான். அவர் திரும்பி வந்தாலும் அவரோடு இனி முடியாது, வந்து என்னைக் கூட்டிப் போய்விடுங்கள். வராவிட்டால்... அதை எழுதக் கை வரவில்லை.

மதினிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தங்கை,
முத்துச்செல்வி

பி.கு.: வந்துவிட்டார்! தேவதாசன் அண்ணாச்சி என்று ஒரு மீனவரை அவருடைய வள்ளத்தோடு தெருவுக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டார். "ஏறுளா" என்றார். "பிரிட்ஜ்?" "கிடக்கட்டும்." "ஏலே, என் துணிப்பெட்டி!" என்றார் அத்தை. "கிடக்கட்டும்மா, ஏறு." அந்தக் குரலுக்கு நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு ஏறினோம். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "ஒங்க அண்ணன் வீட்டுக்கு. மேட்டு ரோடு வரைக்கும் வள்ளம், அங்கேருந்து பஸ்சு. ஊரு காயுத வரைக்கும் அங்கனதான்." "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" "வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆகவே நீங்கள் புறப்பட வேண்டாம். மதினியை மூன்று பேருக்குக் கூடுதலாக உலை வைக்கச் சொல்லுங்கள். இதை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். அவர் பக்கத்தில் நிற்பார், மேலே எழுதியதை வாய்விட்டுப் படித்துவிடாதீர்கள்.