சமையல் மாஸ்டரோடு எனக்கு நிச்சயமான நாள்

பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் சாதாரண மனிதர்கள். நான் நாலு தடவை இழுப்பேன். நாலாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிடும். இப்படிப்பட்ட ஆள் ரிமோட் படகு செய்யலாமா? செய்தேன். அதுவும் என்னுடைய நிச்சயதார்த்தத்துக்கு.

அப்போது எனக்கு ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. (எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. தப்பு இரண்டு பேர் மேலும்தான்.) பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். பெயர் மலர். காலேஜ் முடித்தவள். பால்கோவா போடும் அவள் அப்பாவுக்கு என் படிப்பு தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. மகளின் பிடிவாதத்துக்காக ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் தாம்பூலத் தட்டு கை மாறும்வரை எந்தப் பேச்சும் முடிந்த பேச்சில்லை. அதற்கு முன்னால் எந்த நிமிஷமும் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடலாம்.

நிச்சயம் வத்திராயிருப்பில், அவர்கள் தோப்பில். நடுவில் ஒரு பண்ணைக்குட்டை. இந்தக் கரையில் நாங்கள், எதிர்க்கரைப் பந்தலில் அவர்கள். வெற்றிலை, பாக்கு, மோதிரத்தோடு தட்டைப் படகில் அனுப்பி வைத்தால் வருங்கால மாமா அசந்துபோவார் என்று தோன்றியது. கவலைக்காரனுக்குத் திடீரென்று வரும் துணிச்சல் இருக்கிறதே, அதைப்போல ஆபத்து வேறு கிடையாது.

செல்போன் வீடியோ பார்த்துத்தான் படகு செய்தேன். (அதில் பேசியவர் என்ன மொழி பேசினார் என்று இன்றுவரை தெரியாது.) மிதக்க வைப்பது சுலபம். திருப்புவதுதான் வித்தை. பின்னால் சுக்கான். உள்ளே செர்வோ என்று தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் செர்வோவின் சின்னக் கை அசையும். அந்தக் கையையும் சுக்கானையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் மடக்கி மாட்டினேன். செர்வோவின் கையில் இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. ஒன்றில் மாட்டினால் சுக்கான் வலப்பக்கம் போகும். மற்றதில் மாட்டினால் அதே அசைவுக்கு இடப்பக்கம் போகும்.

இந்த இடத்தில் அக்கா வந்தாள். புது வண்டிக்குப் பூசை போடுவதுபோல படகின் முகத்தில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டிட்டு, சூடம் காட்டினாள். வேலை பார்க்க வசதியாக நான் படகைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போனேன்.

"ஏலே, பொட்டு வச்ச மூஞ்சிய செவுத்தப் பாக்க வைக்காத. வெளங்குமா?"

விளங்காமல் போய்விட்டால்? படகை என்னைப் பார்த்தபடியே வைத்து வேலையை முடித்தேன். குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். சுக்கான் வலப்பக்கம் போனது. என் வலப்பக்கம். படகுக்கு அது இடப்பக்கம் என்பது எனக்கு உறைக்கவில்லை. கம்பி கழன்றுவிடக் கூடாதே என்று இரண்டு டியூப் பசையைக் கலந்து அங்கேயே ஒட்டிவிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டும் பார்த்தேன். அதில் திருப்ப இடமில்லை.

அன்றைக்குப் படகு அழகாகக் கிளம்பியது. பந்தல் கொஞ்சம் வலப்பக்கம். குச்சியை வலப்பக்கம் தட்டினேன். படகு இடப்பக்கம் ஒதுங்கியது. இன்னும் வலது. அது இன்னும் இடது.

"அங்கிட்டு எங்கலே போகுது?" என்றாள் அக்கா.

"திருப்புதேன்க்கா, திருப்புதேன்!"

"திருப்பாதலே! நீ திருப்பத் திருப்பத்தான் அது போகுது!"

இடப்பக்கக் கரையில் சமையல் மாஸ்டர் செல்லையா குத்தவைத்துக் கத்திரிக்காய் கழுவிக்கொண்டிருந்தார். படகு நேராகப் போய் அவர் முழங்காலில் முட்டியது. மரியாதை தெரிந்த மனிதர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தார்.

"தட்டு கை மாறிட்டுடோய்!" என்று பந்தலில் யாரோ கத்தினார்கள்.

"தம்பி, எனக்கு ஏற்கெனவே மூணு பிள்ளைக இருக்கு!" என்றார் மாஸ்டர், மீசையைத் தடவியபடி.

தோப்பே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். கரையோடு நடந்து வந்தவர், தட்டைத் தூக்கினார். வரவில்லை. குனிந்து பார்த்தார். நைலான் கயிறு. அதன்மேல் டேப். அதன்மேல் காயில் கட்டும் நூல். ஓடிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன மாப்ள இது?"

"தண்ணிக்குள்ள விழுந்திரக் கூடாதுல்லா மாமா."

"அதுக்கு இம்புட்டு கட்டா?"

"மோதரத்துக்கு அடியில தனியா ஒண்ணு இருக்கு மாமா."

தேடிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நாலு தடவை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணு ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போனா, திரும்பி வார வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன். வீட்ல எல்லாரும் என்னைத்தான் கேலி பண்ணுதாக. இனிமே கூட நிக்க ஒரு ஆள் கெடச்சிருக்கான்." சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "படகப் பந்தலுக்குக் கொண்டாங்க. தட்ட அங்க வச்சுத்தான் வாங்குவேன்."

மலர் அதற்குள் பட்டுச்சேலையோடு வந்து என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிவிட்டாள். ஓரத்தில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்கு அடியில என்னங்க?"

"ஏதோ சுவிட்ச். யாராவது தட்டி விட்டு என்னமாவது ஆயிருச்சுன்னா? அதான் ஒட்டிட்டேன்."

"திசைய மாத்துத சுவிட்ச்சுங்க. எழுதிப் போட்டுருக்குல்லா!"

தட்டினாள். ஓட்டினாள். படகு சமர்த்தாகப் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தரிக்கோல் கேட்டு ஆள் விட்டு, கட்டெல்லாம் வெட்டி, மாமா தட்டை வாங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் இன்றுவரை செல்லையா மாஸ்டர்தான் சமையல். "மொதல்ல தட்டு வாங்குனது நான். மூத்த சம்சாரம் நாந்தான்" என்று மலரிடமே சட்டம் பேசுவார். போன மாசம் ஒரு வளைகாப்புப் பந்தியில் என் மகள் சத்தமாக, "பெரியம்மா, இன்னொரு வடை!" என்றாள். முறுக்கு மீசையும் கரண்டியுமாக அவர் விறுவிறுவென்று வந்ததைப் பார்த்து, பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.