மனைவியின் மேசைக்கு ஒரு படம் பிடித்த படலம்

ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் முகங்களை நேருக்கு நேர் எதிர்கொண்டு, அவற்றுள் ஒன்றையேனும் சிரிக்கவிடாத செருவென்ற செம்மலை, வெண்திரைக் காவலனை, இரு காதும் தெரியக் காட்டுக என ஆணையிடும் இடிக்குரலோனைப் பாடுவோம். அமைச்சரும் அவன்முன் மூக்குக்கண்ணாடி கழற்றி அடங்கி அமர்ந்ததுண்டு. அடையாள அட்டை அலுவலகத்தின் மூன்றாம் எண் அறையில், சக்கரம் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை படம் எடுப்பது அவன் வேலை.

அவ்வறையின் அறநூல் மிகச் சிறிது. தலை சாயலாகாது, கண் மூடலாகாது, பல் தெரியலாகாது. தெரிந்தால் படம் செல்லாது. செல்லாததை இரண்டே தட்டில் மீளா உலகுக்கு அனுப்பிவிட்டு மறுபடி எடுக்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வறத்தை அவன் வலக்கைக் கட்டைவிரல் அவனையே கேளாமல் காத்து வந்தது.

இத்தகையோன் இல்லத்தரசி, மூன்று மாதப் பயிற்சிக்கென வேற்றூர் சென்றிருந்தவள், ஒரு சனிக்கிழமை நண்பகல் தொலைபேசியில் முழங்கினாள். அங்கே உடன்பயிலும் மகளிர் மேசைதோறும் மக்கட்செல்வங்கள் சட்டமிட்டுச் சிரித்து வீற்றிருக்க, அவள் மேசையில் தண்ணீர் பாட்டில் ஒன்றே தனித்துத் தவமிருந்தது. முன்தினம் கணவன் அனுப்பியவை இரண்டு படங்கள்: எட்டு வயது மகளுக்கு ஒன்று, நான்கு வயது மகனுக்கு ஒன்று, சுவரை ஒட்டி, தோள்வரை.

"பிள்ளைங்க படம் கேட்டா, திருட்டுக் கேஸ்ல மாட்டுன மாதிரி நிக்க வெச்சு அனுப்பியிருக்கீங்க! நான் என்ன விசாவா எடுக்கப் போறேன்? வீட்ல அதுங்க எப்படி இருக்குமோ அப்படி ஒண்ணு போதுங்க." பின் குரல் தாழ்ந்தது. "வீடியோவுல பேசலாம்னா, சின்னவன் சிரிக்கிற நேரம் பாத்து படம் அப்படியே நின்னுடுது. அவன் முழுசா சிரிச்சுப் பாத்து ஒரு மாசம் ஆச்சு."

வீரன் நெஞ்சு நெகிழ்ந்தது. மறுநாள் முதல் பத்து நாள் பூட்டிக்கிடக்கப்போகும் அவ்வூர்ப் பிரிண்ட் கடை மாலை ஆறுக்குச் சாத்தப்படும் என்றும், அதற்குள் படம் வந்தாகவேண்டும் என்றும் கெடு விதித்து, அவள் போர்மறையும் ஓதினாள்: "ஜன்னல் பக்கம் விடுங்க. நீங்களும் தரையில உக்காருங்க. சிரி சிரின்னு உயிரை வாங்காதீங்க. அதுங்க பாட்டுக்கு விளையாடட்டும், நீங்க பாட்டுக்கு எடுங்க."

நான்கு மணிக்கு வீரன் களம் புகுந்தான். சாளரத்தின் எதிரே சோபாமீது பனிமலையெனக் குவிந்திருந்த மடிக்காத துணியை, மலை பெயர்த்த மொய்ம்பினனாய்த் தூக்கிக் கதவின்பின் எறிந்தான். ஒற்றைக் காலுறை மட்டும் புறமுதுகிடாது விளக்கின்மேல் தொங்கியது. பிறகு உறையினின்று வாளை உருவுவான்போல் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை உருவினான்.

அதுவரை தலையணைகளால் மோதி வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்த மக்கள் இருவரும், அரவைக் கண்ட தேரைபோல் அடங்கி, வெள்ளைச் சுவரை நோக்கி ஓடி, கை தொங்க நின்றனர்.

"டேய், காதைக் காட்டு," என்றாள் மூத்தவள் தம்பியிடம். "இல்லன்னா திரும்பத் திரும்ப எடுப்பாரு."

"அங்க எதுக்குப் போறீங்க? நீங்க பாட்டுக்கு விளையாடுங்க!"

"விளையாடறப்போ வாயை மூடிக்கணுமாப்பா?" என்றான் இளையவன், ஐயம் திரிபற அறியும் மாணாக்கனைப்போல்.

அதன்பின் நிகழ்ந்த அமரை ஆயிரம் நாவுடையோனும் அரைகுறையாகவே உரைப்பான். காற்றினும் கடுகி ஓடும் இளையவனை வீரன் துரத்த, படத்தில் விழுந்தது ஒரு குதிகால். மூத்தவளின் முகத்தைக் குறிவைக்க, அகப்பட்டது பின்னல். "நேரா பாரு" என்னும் பழம்பகை அவன் தொண்டைவரை வந்து வந்து மீண்டது. ஒருமுறை மீளாது வெளியே குதிக்க, பிள்ளைகள் மறுபடி சுவருக்கு ஓடினர். எடுத்தவை இருநூற்றுப் பதினான்கு. கட்டைவிரல் தட்டித் தட்டி வீழ்த்தியவையும் இருநூற்றுப் பதினான்கு. கதிரவனோ, வேறு வேலை இருப்பவன்போல், சாளரத்தைவிட்டு நழுவிக்கொண்டிருந்தான். மணி ஐந்து நாற்பது.

இறுதியில் வீரன் மறையின் இரண்டாம் வாக்கை நினைந்தான். குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கத் துணிந்தான். வில்முறிந்ததென முழங்கால்கள் முழங்க, தொந்தி முதலிலும் மார்பு பின்னரும் நிலம் தோய, குப்புறக் கிடந்தான். அக்கணமே இளையவன் அவன் முதுகேறி, "யானை, போ!" என்று ஆணையிட்டான். யானை எழ முயன்றது. எழவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஐயய்யோ... பிடிச்சுக்கிச்சு... இறங்குடா டேய்!"

யானை பேசியதும் இளையவன் உருண்டு விழுந்தான். மூத்தவள் அவனைத் தூக்கப்போய் அவன்மேலேயே சரிந்தாள். பிறகு சிரித்தார்கள். கதிரவனின் கடைசிப் பொற்கற்றை சாளரம்வழி வந்து அவர்கள்மேல் கவிழ, அக்காள் தோளில் தம்பி தலை சாய்ந்து கிடக்க, கண்கள் இறுக மூட, அவளுடைய விழுந்த முன்பல்லின் வாயிலும் அவனுடைய அரிசிப்பல் வரிசையும் அகிலத்துக்கும் காட்சி தர, தரையில் கிடந்த தந்தையின் கை தானே நீண்டு ஒருமுறை அழுத்தியது.

பதிந்தது! விரலும் அசையவில்லை, விம்பமும் கலங்கவில்லை. மாடிவீட்டுத் துணிதுவைக்கும் இயந்திரம் வெற்றிமுரசாய் அதிர்ந்தது. விளக்கின்மேல் இருந்த காலுறை பூமாரியாய்ப் பொழிந்தது. ஒரு மாதம் காணாச் சிரிப்பு, கடை சாத்தப் பதினைந்து நிமிடம் இருக்கையில், கையகலத் திரையில் முழுதாய் ஒளிர்ந்தது. இனியொரு மேசை வெறிச்சோடாது என எண்டிசையும் ஆர்ப்பரிக்க, செருவென்ற செம்மல் கிடந்த கிடையிலேயே அப்படத்தை முகத்தருகே கொணர்ந்து, தொழில்தேர்ந்த தன் கூர்விழிகளால் ஒருமுறை உற்று நோக்கினான்.

இருவருக்கும் பல் தெரிந்ததால் அழித்துவிட்டான்.