இறங்க மறுத்த முள்

நீதிதேவதையின் கையில் தராசு இருக்கிறது. அந்தத் தராசு சரியானதுதான் என்று முத்திரை வைக்கும் அதிகாரம் எங்கள் அலுவலகத்திடம் இருக்கிறது. ஆகவே, எங்கள் மாடிப்படி ஏறி இறங்காமல் நீதியால்கூட வேலைக்குப் போக முடியாது.

இப்பேர்ப்பட்ட அலுவலகத்தின் தலைவர் முத்திரை ஆய்வர். நான் அவருடைய உதவியாளன். எடைக்கற்கள் வைத்த பெட்டி, திருப்புளி, முத்திரை அடிக்கும் சுத்தியல் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அவருக்குப் பின்னால் நடப்பது என் பணி. அப்படி நடப்பவனுக்கு வெயிலே தெரியாது. அவ்வளவு விசாலமான மனிதர்.

அந்த விசாலத்தைக் குறைப்பதென்று ஒருநாள் முடிவெடுத்தார். எதிர்க் கட்டிடத்து மாடியிலிருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். அதை நடத்தியவள் பளுதூக்கும் வீராங்கனையாக இருந்து, தோள் விலகியதால் போட்டிகளை விட்டவள். எல்லோருக்கும் 'மாஸ்டர்'. கூடத்தின் பின்னறையிலேயே குடியிருந்தாள். தொழிலும் அதுதான், வீடும் அதுதான்.

ஆய்வர் ஒரு காலையையும் தவறவிடவில்லை. ஓடும் பட்டையின் மேல் அவர் நடக்கத் தொடங்கினால், கீழ்த்தளத்துப் பல் மருத்துவர் ஊசியைக் கையில் பிடித்தபடி அதிர்வு அடங்கக் காத்திருப்பார். ஆரம்பத்தில் எடை மளமளவென்று குறைந்தது. பிறகு தராசின் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆய்வர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார். முள் மசியவில்லை.

"என்ன மாஸ்டர் இது? நாய் படாத பாடு படறேன், ஒரு கிராம் இறங்க மாட்டேங்குது!"

"சகஜம்தான் சார். முன்னாடி இருந்த உடம்புக்குத் தேவைப்பட்ட சாப்பாடு, இளைச்ச உடம்புக்கு அதிகம். பட்டினியெல்லாம் கிடக்க வேண்டாம். கலோரியை லேசா குறைச்சுப் பாருங்க. பயிற்சி முடிச்ச கையோட தெருமுனை பேக்கரியில ஒரு பட்டர் பன் சாப்பிடறீங்களே, அதை விட்டாலே முள்ளு இறங்கும்."

"அந்தப் பன் பயிற்சியில ஒரு பகுதிம்மா. அதை நினைச்சுத்தான் நான் நடக்கறதே."

மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு அலுவலகம் வந்த அவர் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்குங்க பட்டை மேல நடக்கணும்? நேரா பேக்கரிக்கே நடக்கலாமே, ஊராவது நகரும்" என்றார். பெரிய மனிதர்களுக்கு வீட்டில் ஆதரவு கிடைப்பதில்லை.

ஆய்வர் அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் அவரும் நானும் இருந்தோம்.

"ஏதோ ஒண்ணைச் சரிசெய்யணும்ங்கறா மாஸ்டர். சரிசெய்ய என்னென்ன இருக்கு?"

"சாப்பாடு இருக்கு சார். தராசு இருக்கு."

"சாப்பாடு நம்ம துறையில வருதா?"

"வராது சார்."

"அப்புறம் என்ன யோசனை? பெட்டியத் தூக்கு."

கூடத்தில் எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினேன். ஒவ்வொரு கல்லுக்கும் முள் நிற்க வேண்டிய கோட்டில் அப்பழுக்கில்லாமல் நின்றது. ஆய்வரின் முகம் இருண்டது.

"இவ்வளவு சரியான தராசை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்ல. இதுல என்னமோ தப்பு நடக்குது."

"சரியா இருக்கறது தப்பா சார்?" என்றாள் மாஸ்டர்.

"உன் முத்திரையைப் புதுப்பிக்கற நேரம் வந்தாச்சும்மா. முத்திரை இல்லாத தராசு இருந்தா கூடத்தை மூட வேண்டியிருக்கும். எனக்கென்ன ஆசையா?"

இதை மிரட்டல் என்று நினைப்பவர்களுக்குச் சட்டம் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்திருந்தது. பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். கொடியில் அவளுடைய துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க சார்."

தராசின் முதுகிலிருந்த திருகை நான் திருகினேன். 'அனுமதிக்கப்பட்ட பிழை' என்று எங்கள் சட்டத்தில் ஒன்று உண்டு. பதவி உயர உயர அதுவும் சற்று உயரும் என்பது ஆய்வரின் விளக்கம். அவர் ஏறி நின்றார். முள் பணிவோடு கீழே இறங்கியிருந்தது. அவர் கண்கள் கலங்கின. முத்திரை அடித்தேன். கலோரியும் அன்றே சரிசெய்யப்பட்டது. ஒரு பன், இரண்டு பன்னாயிற்று.

நல்ல நிர்வாகம் வாசனை மாதிரி, மூடி வைத்தாலும் பரவும். காய்கறி மண்டிக்காரர்கள் திரண்டு வந்தார்கள். தோட்டக்காரர்களிடமிருந்து மூட்டைகளை எடை போட்டு வாங்குகிறவர்கள் அவர்கள். மூட்டை எவ்வளவு லேசாகத் தெரிகிறதோ அவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும்.

"ஒரே ஊர்ல ரெண்டு நியாயமா சார்? உங்களுக்கு இறங்கற முள்ளு, எங்க மூட்டைக்கு இறங்கக் கூடாதா?"

ஆய்வர் சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர். உள்ளங்கை கொப்பளிக்க மண்டி முழுவதும் நான் திருகினேன்.

பிறகு ஒரு காலை, உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு தோட்டக்காரம்மா எங்கள் படியேறி வந்தார். கூடவே மாஸ்டர். மண்டியின் எடையை நம்பாமல் அந்தம்மா வேறு தராசு தேடிக் கூடத்தில் மூட்டையை ஏற்றியிருக்கிறார். அங்கேயும் அதே எடை.

"வீட்ல ஒரு எடை காட்டுது, ஊருக்குள்ள வந்தா இன்னொண்ணு காட்டுது. கிழங்கு வழியில எங்க போச்சுய்யா?" என்றார் தோட்டக்காரம்மா.

"எங்கயும் போகல. என் தராசு பொய் சொல்லுது," என்றாள் மாஸ்டர். "என் கூடம் போனாலும் போகுது சார். எல்லாத்தையும் பழையபடி திருகிடுங்க. இந்தம்மா யாரு குடியைக் கெடுத்தாங்க?"

ஆய்வர் இரண்டாவது பன்னைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. தோட்டக்காரம்மாவைக் கனிவோடு நோக்கினார்.

"மூட்டையை எப்படிம்மா கொண்டு வர்றீங்க?"

"தலையில வெச்சு நடந்துதான்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்புறம் என்னம்மா? ஒழுங்கா நடந்தா இளைக்கத்தானே செய்யும்?"

"நடந்தது நான்யா! கிழங்கு சொகுசா உக்காந்துதான் வந்துச்சு!"

ஆய்வர் மாஸ்டரிடம் திரும்பினார்.

"உன் தராசு தப்புன்னு நீயே ஒத்துக்கறியா?"

"ஆமா சார்."

"எழுதிக்கோப்பா."

மண்டியில் யாரும் தங்கள் தராசு தவறென்று ஒப்புக்கொள்ளவில்லை. எனவே அங்கே நடவடிக்கைக்கு இடமில்லை. கூடத்தை அன்று மாலையே பூட்டினோம். பின்னறைத் துணிகளை எடுத்துக்கொள்ள ஆய்வர் பெருந்தன்மையோடு அவகாசம் தந்தார். குற்றம்: பொய்த் தராசு வைத்திருந்தது. பிழை எவ்வளவு என்று குறிக்க நான் எடைக்கற்களை ஏற்றிப் பார்க்கவில்லை. திருகியவனுக்குத் தெரியாதா என்ன?